இருபத்து நான்கு

புது வருடப் பூசை முடிந்து வந்து
பாற்சோறு கிண்டிய கையோடு
பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
இருபத்து நான்கு என்று மட்டும் எழுதி.
மாதம் இரண்டு புத்தகம்.
நாள் முழுக்கப் பேரேடு பார்க்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு கணக்கா?

கந்தோரில் பர்வீனா முப்பது என்றாள்.
அவளுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.
நான் ஆறைக் கழித்துக்கொண்டேன்,
பிள்ளைக்கு மூன்று வீதம்.

முதலாவதை நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் முடித்தேன்.
கொட்டாஞ்சேனையில் ஏறிப் பம்பலப்பிட்டி வரை
ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில்.
பக்கம் திருப்ப
ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விழவேண்டும்.
விழும். கொழும்பு அந்த விஷயத்தில் தாராளம்.

பிறகு மழை.
பிறகு மிஷெலுக்குக் காய்ச்சல்.
டெங்கு இல்லை என்று இரத்தம் சொல்லும்வரை
மூன்று நாள் மருந்துத் துண்டைத்தான் வாசித்தேன்,
இரண்டு பக்கமும், சின்ன எழுத்து உட்பட.

ஜெரோனுக்குப் புலமைப்பரிசில் வருடம்.
கடந்தகால வினாத்தாள்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு வாசிப்புப் பந்தி.
கிணற்றில் விழுந்த ஆடு
யார் தூக்கியது என்பதற்குள் முடிந்துபோகும்.
கீழே ஐந்து கேள்வி.
ஆடு பிழைத்ததா என்று ஒன்றுகூட இல்லை.

ஆமைப் படக்கதை நாற்பத்தொரு தடவை.
அதை ஒன்றென்று பதிவதா
நாற்பத்தொன்றென்றா?
வரவு எது, செலவு எது என்று
இருபது வருடமாகப் பிரித்துத் தின்கிறவள்
அந்த இடத்தில் பேனையை மூடிவைத்தேன்.

செப்டெம்பரில் தாளில் ஏழு கோடு.
டெல்ரின் பார்த்தான். சிரிக்கவில்லை,
அதுதான் எனக்குக் கூடக் கோபம்.
"கோப்பை நான் கழுவுறன், நீ போய் வாசி."
போனேன்.
இரண்டு பந்தி.
கண்ணாடியைக் காலையில்
கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்தோம்.

எட்டாவது, தடித்த நாவல்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஓடக்காரன் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.
எனக்கு அவனைப் பிடித்திருந்தது,
கடன் கேட்டு வந்தவனுக்கு
மீனையும் கொடுத்து ஏச்சையும் கொடுப்பவன்.
அடுத்த இரவு திறந்தால்
அவனுடைய அந்தியேட்டி.
பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நூற்று முப்பத்தெட்டு.
தூக்கத்தில் வாசித்தேனா?
ஒரு மனிதன் செத்ததை வாசித்துவிட்டு
மறக்கிற அளவுக்கா ஆகிவிட்டேன்?
குறியாக வைத்த பஸ் டிக்கெட்
ஒழுங்காக அந்த இடத்தில்தான் கிடந்தது.

"நான்தான் அம்மா,"
போர்வைக்குள்ளிருந்து மிஷெல்.
"நீங்க தோத்துப்போடுவீங்க எண்டு
ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி வச்சனான்.
நேத்துக் கொஞ்சம் கூடிப்போச்சு."

ஒவ்வொரு நாளும்.
முன்பு தள்ளியவை எனக்குத் தெரியவே இல்லை.
எந்தக் கல்யாணம், எந்தச் சண்டை,
யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டது
என்று தெரியாமலே
கதை நன்றாகப் போகிறது என்று
பர்வீனாவிடம் சொல்லியிருக்கிறேன்.

"சரி, அப்ப அந்த மனுசன் எப்பிடிச் செத்தவர்?"

ஏழு வயது. யோசித்தாள்.
தலையணை நுனியை மடித்து விரித்தாள்.
"அவர் குளிக்கப் போனவர்.
தண்ணி நல்ல இளஞ்சூடா இருந்தது.
அதால வெளிய வர விருப்பமில்லை."

விடிய எழும்பிப் பார்த்தால்
பிரிட்ஜில் எட்டாவது கோடு,
பச்சைக் கிறேயனில், சரிந்து.

நான் நூற்று முப்பத்தெட்டிலிருந்து மேலே வாசித்தேன்.
அந்தியேட்டிக்கு வந்த ஒருவரும்
அவன் எப்படிப் போனான் என்று சொல்லவில்லை.
அவர்களுக்கெல்லாம் தெரியும்தானே.

சனிக்கிழமை நூலகத்தில்
நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது
அந்த இருபத்தாறு பக்கத்துக்குக் கை போனது.
பின்னால் வரிசை.
பத்தரைக்கு ஜெரோனின் ரியூசன்.
மிஷெல் என் கைப்பையின் வாரைப் பிடித்தபடி
தண்டப்பணச் சில்லறையை
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.